வார்டும் ஒரு வகுப்பறைதான்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் எனக்குப் போன் செய்து, "இந்த வருஷம் நீ பேசணும்ப்பா" என்றார். "என்ன சார் பேசறது?" என்றேன். "உன் துறையைப் பத்திப் பேசு" என்றார். என் துறை மருத்துவக் கருவிகள். இங்கே இ.சி.இ. முடித்து 2010-இல் வெளியே போன நாளிலிருந்து வென்டிலேட்டர், மானிட்டர், இன்ஃபியூஷன் பம்ப் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறேன். கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஆகவே, அந்தக் கருவிகளுக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்த ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே பெரிய டாக்டர்கள் சின்ன டாக்டர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதை அவர்கள் இன்னும் நன்றாகச் செய்ய யார் எப்படி உதவலாம் என்பதுதான் பொருள்.

"இதில் இன்ஜினியருக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். என் அப்பா ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயாளி. காலில் வந்த புண் ஆறாமல், ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையில் அவரைச் சேர்த்தோம். ஊர், பேர் வேண்டாம். எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான்.

காலை ரவுண்ட்ஸ் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முன்னால் சீஃப். அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர், பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், கேஸ் ஷீட்டோடு சிஸ்டர். ஒரு ஊர்வலம் மாதிரி இருக்கும். அப்பாவின் கட்டிலருகே ஒரு ஹவுஸ் சர்ஜன் கேஸ் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். நடுவில் சீஃப் ஒரு கேள்வி கேட்டார். பையன் யோசித்தார். இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது. "யாருய்யா உன்னை ஃபைனல் இயர் பாஸ் போட்டது?" என்று சீஃப் சத்தம் போட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். கேள்விக்குப் பதில் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. ஊர்வலம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா என்னிடம் கேட்டார்: "அந்தத் தம்பியை ஏண்டா அப்படித் திட்டினார்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் வலிக்குதுன்னு சொன்னப்ப ஓடி வந்து பார்த்தது அவர்தானே?" கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நானும் ஒருதரம் அப்படிச் செஞ்சிருக்கேன். தப்பா வாய்ப்பாடு சொன்னான்னு ஒரு பையனை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிட்டேன். அந்த வருஷம் பூரா அவன் கை தூக்கவே இல்லை. அவன் மட்டும் இல்லடா, அவன் பெஞ்சுல யாருமே தூக்கலை."

இரண்டு நாள் கழித்து, புண்ணைச் சுத்தம் செய்யும் ஆபரேஷனுக்காக அப்பா காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். தியேட்டரில் ஏதோ அவசரக் கேஸ் வந்ததால் நேரம் தள்ளிக்கொண்டே போனது. சாப்பாட்டை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் கேஸ் ஷீட்டில் இன்சுலின் வழக்கமான அளவிலேயே இருந்தது, ஊசியும் போட்டார்கள். பதினொரு மணி வாக்கில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வாய் குழறியது. என்னை யாரோ மாதிரிப் பார்த்தார். ஒரு சிஸ்டர் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 38. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தச் சில நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று மாலை வராந்தாவில் அந்த ஹவுஸ் சர்ஜன் என்னைப் பார்த்து நின்றார். "சார், காலையில ஷீட்டைப் பார்த்தப்பவே எனக்குத் தோணுச்சு. சாப்பாடு இல்லையே, இன்சுலினைக் குறைக்க வேணாமான்னு கேட்கலாம்னு நினைச்சேன். அன்னைக்கு மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு முதலில் அவர் மேல்தான் கோபம். பிறகு சீஃப் மேல். ஆனால் மதியமே சீஃப் நேரில் வந்து, நடந்த தவறை மறைக்காமல் எங்களிடம் சொல்லியிருந்தார். மருந்து உத்தரவுகளையெல்லாம் தன் கையாலேயே மாற்றி எழுதினார். கெட்டிக்காரர், நோயாளிகள் மேல் அக்கறை உள்ளவர். பேச்சுவாக்கில் அன்றைய ரவுண்ட்ஸ் பற்றியும் வந்தது. "எங்க சீஃப் எங்களை இதைவிட மோசமாத் திட்டுவார் தம்பி. நாங்க அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் நடத்த என் அப்பா ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டியிருந்தது. எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் மூன்று வருடம் எம்.எஸ். படித்த அந்த மனிதருக்கு, எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று ஒரு நாளாவது யாராவது சொல்லித்தந்திருப்பார்களா? நம் துறையும் யோக்கியம் இல்லை. நேற்றுவரை மாணவனாக இருந்தவன் எம்.இ. முடித்ததும் மறுநாளே கையில் சாக்பீஸோடு நிற்கிறான்.

இன்னொன்றும் உறைத்தது. என்னிடம் வேலை பழகிய ஒரு ஜூனியரை, ஒரு ஐ.சி.யு.வில் சிஸ்டர்கள் முன்னிலையில் நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் சந்தேகம் என்று எனக்குப் போன் செய்ததே இல்லை. "பையன் தேறிட்டான்" என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

நண்பர்களே, நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது மருத்துவத்தின் உயிரான வழக்கம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1893-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தபோது, அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து வார்டுக்கு அழைத்து வந்தார். தான் செய்த வேலைகளில் அதையே அவர் மிகப் பெரிதாக மதித்தார். வார்டில் கற்பது உலகெங்கும் பரவியது. ஆனால் வார்டில் கற்றுக்கொடுப்பது தனியாகப் பழக வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் பரவ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நம் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் 1970-களிலேயே மருத்துவ ஆசிரியர்களுக்கென்று தேசியப் பயிற்சி மையம் ஒன்று வந்தது. 2007-இல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் ஃபெய்மர் வட்டார மையம் தொடங்கியது. 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமே திறன் அடிப்படையில் மாற்றப்பட்டது. இப்போது மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கல்வி முறை பற்றிய அடிப்படைப் பயிற்சி உண்டு. கல்லூரிதோறும் மருத்துவக் கல்விப் பிரிவும் உண்டு.

அப்படி ஒரு பிரிவிலிருந்துதான் எனக்கு அழைப்பு வந்தது. நான் சர்வீஸ் பார்க்கும் வேறொரு கல்லூரி அது. "டாக்டர்கள் பாடம் எடுப்பதை வீடியோ எடுத்து அவர்களுக்கே போட்டுக் காட்டணும். கேமரா, மைக் எல்லாம் நீங்க பார்த்துக்க முடியுமா?" என்றார்கள். நோயாளிகளைப் படம் பிடிப்பது சரியல்ல என்பதால், ஸ்கில்ஸ் லேபில் பொம்மையைப் படுக்க வைத்து, நிஜ மாணவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்தோம்.

முதல் நாள் ஒரு பேராசிரியர் தன் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் நிறையக் கேள்வி கேட்கிற ஆள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கேள்வியும் நானே, பதிலும் நானே!" நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். கேள்வி முடிந்த ஒன்றரை வினாடியில் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இது அவர் ஒருவரின் குறை அல்ல. 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளில் இதையே அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் பொதுவாகக் காத்திருப்பது ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடி ஆக்கினால் மாணவர்களின் பதில் நீளுகிறது. வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். செலவே இல்லாத மருந்து இது. ஆனால் கசப்பு. அந்த மௌனத்தைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் உங்கள் பிள்ளைகளிடம் சோதித்துப் பாருங்கள்.

அந்தப் பயிற்சியில் நான் பார்த்தவற்றில் என்னைக் கவர்ந்தது, 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் எழுதிய 'ஒரு நிமிட ஆசிரியர்' என்ற ஐந்து படி முறை. கூட்டம் நெரியும் ஓ.பி.யிலும் இதைச் செய்யலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

மழைக்காலம். நாலு நாள் காய்ச்சலோடு ஒரு இளைஞர் வந்திருக்கிறார். ஹவுஸ் சர்ஜன் விவரம் சொல்லிவிட்டு, "என்ன சார் பண்ணலாம்?" என்று நிற்கிறார். டாக்டர் உடனே பதில் சொல்லாமல், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கிறார். இது முதல் படி. "டெங்குவா இருக்கலாம் சார். காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்கு அனுப்பிடலாம்." அடுத்தது, "எதை வச்சு டெங்குங்கறீங்க?" மாணவர் காரணங்களை அடுக்குகிறார்: கண்ணுக்குப் பின்னால் வலி, தட்டணுக் குறைவு, பக்கத்து வீட்டிலும் காய்ச்சல். மூன்றாவது, எல்லா நோயாளிக்கும் பொருந்துகிற ஒரே ஒரு விதி: "டெங்குல காய்ச்சல் இறங்கற நேரந்தான் ஆபத்து ஆரம்பிக்கிற நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. ஹெமட்டோகிரிட் ஏறுதா, வயித்து வலி, விடாத வாந்தி இருக்கான்னு பாருங்க." நாலாவது, சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்வது: "பக்கத்து வீட்டுக் காய்ச்சலை விசாரிச்சீங்களே, நல்ல வேலை." ஐந்தாவது, திருத்தம்: "ஆனா ஹெமட்டோகிரிட் பார்க்காம வீட்டுக்கு அனுப்பறது தப்பு. இப்பவே ரத்தம் எடுங்க."

அவ்வளவுதான். இதில் திருத்தம் இல்லாமல் இல்லை. தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த மாணவர் நாளைக்கும் வந்து கேட்பார். அன்று அந்த வார்டில் இப்படி ஒரு பழக்கம் இருந்திருந்தால், இன்சுலினைப் பற்றி யாராவது ஒருவர் வாய் திறந்திருப்பார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். டாக்டர்கள் இப்போது அடிக்கடி சொல்லும் 'ஃபீட்பேக்', நம் துறையிலிருந்து போன சொல். 1927-இல் பெல் ஆய்வகத்துப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் படகில் கையிலிருந்த செய்தித்தாளிலேயே எதிர்மறைப் பின்னூட்டப் பெருக்கியை வரைந்த கதை நமக்குத் தெரியும். 1983-இல் ஜாக் எண்டே என்ற மருத்துவர், மருத்துவப் பயிற்சியில் மதிப்பெண் போடுவது உண்டு, பின்னூட்டம்தான் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். கண்ணால் பார்த்த செயலைப் பற்றி, குறிப்பாக, அடுத்த முறை திருத்திக்கொள்ளும் வகையில் சொல்வதுதான் பின்னூட்டம் என்றார் அவர்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் தாளில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கும். பின்னூட்டம் தாமதமானால் சிஸ்டம் ஆட்டம் காணும். கெயின் அளவுக்கு மீறினாலும் ஆட்டம் காணும். ஆறு மாதப் போஸ்டிங் முடிந்து, "இவர் சுமார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது தாமதம். பத்துப் பேர் முன்னால் கத்துவது கெயின். நான் இதைப் பயிற்சியில் போர்டில் வரைந்து காட்டியபோது டாக்டர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கைவேலை கற்றுக்கொடுக்க இன்னொரு முறை உண்டு. பிரிட்டனின் அறுவை மருத்துவர் பெய்ட்டன் 1998-இல் எழுதிய நாலு படி. முதலில் வழக்கமான வேகத்தில் பேசாமல் செய்து காட்டுவது. அடுத்து, ஒவ்வொன்றாக விளக்கிச் செய்வது. மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது. மூன்றாவது படியில்தான் மாணவருக்கு எது விளங்கவில்லை என்பது, நோயாளியின் உடம்பில் ஊசி இறங்குவதற்கு முன்பே வெளியே வரும். வென்டிலேட்டர் சர்க்யூட் மாட்ட சிஸ்டர்களுக்குக் கற்றுத்தர நானும் இப்போது இதைத்தான் பின்பற்றுகிறேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லா டாக்டரும் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் நாளே வராதவர்கள் உண்டு. "ஓ.பி.யில நூறு பேர் நிக்கிறாங்க, இதுக்கு நேரம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. கையெழுத்துக்காக வந்தவர்களும் உண்டு. நம் பாஷையில் சொன்னால், பயிற்சி வகுப்பு வெறும் இன்ஸ்டலேஷன். அதற்குப் பிறகு ஏ.எம்.சி. வேண்டும். சக மருத்துவர் ஒருவர் மாதம் ஒருமுறை கூடவே ரவுண்ட்ஸில் நடந்து, பார்த்ததை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியில் இரண்டு யூனிட்டுகள் அப்படிச் செய்கின்றன. அங்கே கட்டிலில் இருப்பவரிடம், "ஐயா, இவங்களுக்கு உங்க காலைக் காட்டிச் சொல்லித்தரலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் பாடம் தொடங்குகிறது. பாடம் முடிந்ததும் அவருக்கும் தமிழில் விளக்குகிறார்கள். எங்கள் அப்பாவைப் போன்ற வாத்தியார்கள் காலை நீட்டிக்கொண்டு கூடவே பாடம் எடுத்திருப்பார்கள்!

நம் கல்லூரிக்கு நன்றி சொல்லாமல் முடித்தால் நன்றாயிருக்காது. மெஷின்ஸ் லேபில் எங்களுக்கு ஒரு ஆசிரியர் இருந்தார். மோட்டார் ஓடவில்லை என்று போய் நின்றால், "நீ என்னப்பா நினைக்கிறே?" என்பார். சொன்னால், "ஏன்?" என்பார். ஃபியூஸ் போனாலும் முகம் சுளிக்க மாட்டார். அன்று நாங்கள் அவரைக் கிண்டல் செய்தோம். சியாட்டில் டாக்டர்கள் ஐந்து படியாக எழுதியதை அவர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது. எல்லோருக்கும் அது தானாக வந்துவிடாது. வராதவர்களுக்குச் சொல்லித்தரலாம் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

ஆகவே மூத்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி இருந்தால், அதன் கல்விப் பிரிவுக்குப் போய், "கேமரா, மைக், எடிட்டிங், ஏதாவது உதவி வேணுமா?" என்று கேளுங்கள். சங்கம் மூலமாகவும் செய்யலாம், செயலாளரிடம் பேசியிருக்கிறேன். மாணவ நண்பர்களுக்கு: மனதில் ஒரு சந்தேகம் தோன்றினால், குரல் நடுங்கினாலும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டது எங்கே போய் முடியும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் காலில் இரண்டு விரல் எடுக்க வேண்டி வந்தது. மற்றபடி நன்றாக இருக்கிறார். ஒவ்வொரு முறை செக்கப்புக்குப் போகும்போதும், "அந்தத் தம்பி மேல படிக்கப் போயிட்டாரா?" என்று விசாரிப்பார்.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு என் ஜூனியரிடமிருந்து போன் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. ஒரு வென்டிலேட்டரில் ஆக்சிஜன் அளவு சரியாகக் காட்டவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டான். விடை என் நாக்கு நுனியில் இருந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, "நீ என்ன நினைக்கிறே?" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். "சென்சாரை மாத்தணும்னு நினைக்கிறேன் சார்" என்றான். சரியாகத்தான் சொன்னான்.